பஸ்ஸில் ஏறாத அம்ப்

போன வருடம் எங்கட பீடத்துக் கலைவிழாவுக்கு முதல் நாள் பின்னேரம், நானும் எங்கட பாண்டில் லீட் கிற்றார் வாசிக்கிற நண்பனும் ஒரு வால்வ் அம்ப்பை பஸ்ஸில் ஏற்றப் பார்த்தோம். கடன் வாங்கின அம்ப். முப்பது கிலோ கிட்ட வரும். கொண்டக்டர் ஒருக்கா எங்களைப் பார்த்தார், ஒருக்கா அம்ப்பைப் பார்த்தார். "தம்பியவை, உதென்ன ஃபிரிட்ஜோ?" என்று கேட்டுவிட்டு, "அடுத்த பஸ்ஸில வாங்கோ" என்று கையைக் காட்டிவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் அதே கதைதான். கடைசியில் ஓட்டோ பிடித்தோம். அதற்குக் கொடுத்த காசு எங்கள் இரண்டு பேருடைய இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு.

அடுத்த நாள் மேடையில் அம்ப்பைப் போட்டதும் சவுண்ட்ஸ் அண்ணை ஓடி வந்தார். "தம்பி, கொஞ்சம் குறையுங்கோ, பாடுற பிள்ளையின்ர குரல் ஒண்டும் கேக்கேல்ல." குறைத்தோம். குறைத்ததும் அந்த அம்ப்பின் அழகே போய்விட்டது. வால்வ் அம்ப் சத்தமாக வேலை செய்தால்தான் அதன் சுருதி கரகரத்துத் தடிக்கும். குறைத்தால் சும்மா ஒரு மெல்லிய கம்பிச் சத்தம்தான் வரும். மூன்றாவது பாட்டில் ஜெனரேட்டரின் கரண்ட் ஏறி இறங்க, அம்ப்பும் சேர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. நாலாவது பாட்டில் முழுதாக நின்றுவிட்டது.

பிறகு கன்டீனில் ஒரு சண்டை. எங்கட டிரம்ஸ்காரன் சொன்னான்: "அடுத்த முறை ஒரு சின்ன மொடலர் பெட்டியைக் கொண்டு போவம். நேர மிக்ஸருக்குள்ள குத்தினாச் சரி." லீட் வாசிக்கிறவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த றோல்ஸைக் கீழே வைத்தான். "உது அம்ப் இல்ல மச்சான். அம்ப் மாதிரி நடிக்கிற கொம்பியூட்டர். கள்ளச் சத்தம்."

நான் வரலாறு படிக்கிறவன். யாராவது ஒன்றை "இதுதான் அசல்" என்று அடித்துச் சொன்னால், அது எப்போது அசலானது, யார் அதை அசலாக்கினார்கள் என்று கேட்கத்தான் எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதனால் அந்தக் கேள்வியை அம்ப்பிடமும் கேட்டுப் பார்த்தேன். இந்தக் கட்டுரை அதன் விளைவு.

அம்ப் ஏன் வந்தது?

மின் கிற்றார் ரொக் இசைக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் அது கேட்காத குறையைத் தீர்க்கப் பிறந்தது. 1932இல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் கொம்பனி விற்பனைக்கு விட்ட மின் கிற்றாரை "பொரிக்கும் சட்டி" என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அது மடியில் வைத்து வாசிக்கிற ஹவாய் கிற்றார். அந்தக் காலத்து நடன இசைக்குழுக்களில் ட்ரம்பெட்டும் சக்ஸபோனும் கூட்டமாக ஊதும்போது, வெறும் மரக் கிற்றாரின் சத்தம் முன்வரிசைக்குக்கூடப் போகாது. கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் மின்சாரமாக மாற்றி, அதை ரேடியோவில் இருக்கிற அதே வால்வுகளால் பெருக்கி, ஒரு ஸ்பீக்கருக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அம்ப்.

1939இல் சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர் பெனி குட்மனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். கிப்சன் கொம்பனியின் மின் கிற்றாரும் ஒரு சிறிய அம்ப்பும் அவருடைய கையில். அதுவரை பின்னுக்கிருந்து தாளம் போட்ட கிற்றார், ஊதுகருவிகளோடு சரிக்குச் சரி தனித்து வாசிக்கத் தொடங்கியது. 1942இல், 25 வயதில், அவர் காசநோயால் இறந்துபோனார். கிற்றாருக்கு ஒரு குரல் இருக்கிறது என்று காட்ட அவருக்குக் கிடைத்தது மூன்று வருடத்துக்கும் குறைவான காலம்தான்.

கலிஃபோர்னியாவின் ஃபுலர்ட்டன் நகரத்தில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர்தான் அடுத்த ஆள். அவருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் ரேடியோ தெரியும். எங்கட அம்மப்பா வீட்டில் ஒரு பழைய வால்வ் ரேடியோ மூலையில் கிடந்தது. போட்டு ஒரு நிமிடத்துக்குப் பிறகுதான் சத்தம் வரும், மேல்மூடி சுடும். ஃபெண்டர் அம்ப்பும் அதன் சொந்தக்காரன்தான். அவர் செய்ய நினைத்தது சுத்தமான, கரகரக்காத சத்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அம்ப் செய்தவர்களுக்குக் கரகரப்பு ஒரு குற்றம்.

பழுதில் பிறந்த சத்தம்

1951இல் மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு பாட்டுப் பதிவு. "ரொக்கட் 88" என்று பெயர். கிற்றார்காரருடைய அம்ப் வரும் வழியில் சேதமாகிவிட்டது. காரிலிருந்து விழுந்தது என்று ஒரு கதை, மழையில் நனைந்தது என்று இன்னொரு கதை. கிழிந்த ஸ்பீக்கருக்குள் கடதாசியைத் திணித்து வாசித்தார்கள். வந்த கரகரப்பு நன்றாக இருக்கிறது என்று பதிவாளர் சாம் பிலிப்ஸ் அப்படியே விட்டுவிட்டார்.

1961இல் வெளியான மார்ட்டி ரொபின்ஸின் ஒரு நாட்டுப்புறப் பாட்டில் இன்னொரு விபத்து. நாஷ்வில் ஸ்டூடியோவின் மிக்ஸிங் மேசையில் ஒரு சனல் பழுது. கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிற்றார் அந்தச் சனலுக்குள்ளால் வரும்போது தகரத்தைக் கிழித்த மாதிரி வந்தது. பாட்டு பெரிய ஹிட். அந்தச் சத்தம் வேண்டும் என்று மற்றவர்களும் கேட்க, ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நொடி அந்தப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்குகிற ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெடலாகக் கடைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து வாசித்த பிறகு உலகம் முழுக்கப் பரவியது.

1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன்னுடைய சின்ன எல்பிக்கோ அம்ப்பின் ஸ்பீக்கரைச் சவர பிளேட்டால் கீறினார். அதுவும் ஒரு தலைமுறையின் சத்தமாகிவிட்டது.

எங்கட லீட்காரன் "அசல்" என்று சொல்கிற சத்தத்தின் பிறப்புச் சான்றிதழ் இதுதான். விழுந்த அம்ப், பழுதான சனல், கீறின ஸ்பீக்கர். இதில் நாஷ்வில் கதையைக் கவனியுங்கள். அங்கே அந்தச் சத்தத்தைத் தந்தது அம்ப்பே இல்லை, மிக்ஸர்.

மலையாக வளர்ந்த கதை

சரி, அம்ப் ஏன் அவ்வளவு பெரிதானது?

1960களின் தொடக்கத்தில் மேற்கு லண்டனின் ஹான்வெலில் டிரம்ஸ் பழக்கி, டிரம்ஸ் கடையும் வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அவருடைய கடைக்கு வந்த பெடியன்களுக்கு அமெரிக்க ஃபெண்டர் அம்ப் வேண்டும். இறக்குமதி விலை கைக்கு எட்டாது. 1962இல் மார்ஷலும் அவருடைய ஆட்களும் ஃபெண்டர் பாஸ்மேன் என்ற அம்ப்பைப் பார்த்து ஒன்று செய்தார்கள். சுற்று கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வால்வ், ட்ரான்ஸ்ஃபோர்மர், ஸ்பீக்கர் எல்லாம் இங்கிலாந்தில் கிடைத்தவை. பத்து அங்குல ஸ்பீக்கர் நாலுக்குப் பதிலாகப் பன்னிரண்டு அங்குலம் நாலை ஒரு மூடின பெட்டிக்குள் போட்டார்கள். கிடைச்ச சாமானில் செய்ததால் சத்தம் மாறிவிட்டது. இன்றைக்கு உலகம் "மார்ஷல் சத்தம்" என்று கும்பிடுவது, இறக்குமதிக்குக் காசில்லாத ஆட்கள் செய்த ஒரு கொப்பி.

பிறகு த ஹூ குழுவின் பீட் டவுன்செண்ட் வந்து இன்னும் சத்தம் கேட்டார். 1965இல் நூறு வொட் வந்தது. எட்டு ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் போட்டுத் தரச் சொன்னார், செய்து கொடுத்தார்கள். அதைத் தூக்கிய ஆட்கள் முறைப்பட, அந்தப் பெட்டியை இரண்டாகப் பிரித்து ஒன்றின் மேல் ஒன்று வைத்தார்கள். மேடைகளில் நாங்கள் பார்க்கிற அந்தக் கறுப்புக் கோபுரம் தூக்க முடியாமையால் பிறந்த வடிவம். இன்றும் நாலு ஸ்பீக்கர் போட்ட ஒரு மார்ஷல் பெட்டி சுமார் 36 கிலோ.

அவ்வளவு வொட் ஏன் தேவைப்பட்டது? காரணம் கிற்றார்காரருடைய திமிர் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் மண்டபத்தின் ஒலிபெருக்கி பாடகருடைய மைக்குக்கு மட்டும்தான். கிற்றாரின் சத்தம் கடைசி வரிசை வரை போக வேண்டுமென்றால் மேடையிலிருக்கிற அம்ப்தான் அதைத் தள்ள வேண்டும். 1965 ஓகஸ்ட் 15, நியூ யோர்க் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,000க்கும் மேற்பட்ட கூட்டம். அவர்களிடம் இருந்தது நூறு வொட் வொக்ஸ் அம்ப்புகளும், மைதானத்தில் அறிவித்தல் சொல்கிற ஒலிபெருக்கியும். கூட்டத்தின் கூச்சலில் தாங்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வொட் இரண்டு மடங்கானால் சத்தம் மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று படக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வொட் வேண்டும். வொட்டை ஏற்றி இந்தப் பந்தயத்தில் ஓடினால் பெட்டிதான் பெருக்கும். 1974இல் கிரேட்ஃபுல் டெட் குழு 600க்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களை அடுக்கி ஒரு "சத்தச் சுவர்" கட்டியது. மிகச் சுத்தமாகக் கேட்டதாம். ஆனால் அதை ஊர் ஊராக ஏற்றி இறக்குவது கட்டுப்படியாகவில்லை. அந்த வருட முடிவுக்குள் கைவிட்டார்கள்.

இதற்குள் மண்டப ஒலிபெருக்கிகள் வளர்ந்துவிட்டன. அம்ப்புக்கு முன்னால் ஒரு மைக்கை வைத்து, அதை மிக்ஸருக்குக் கொண்டுபோய், பெரிய ஸ்பீக்கர்களால் கூட்டத்துக்குக் கொடுக்கும் முறை வந்தது. அன்றிலிருந்து கூட்டம் கேட்டது அம்ப்பை இல்லை. அம்ப்புக்கு முன்னால் வைத்த மைக்கை. கோபுரம் எதற்கு என்ற கேள்விக்கு அன்றைக்கே பாதிப் பதில் போய்விட்டது. ஆனால் கோபுரம் அழகாக இருந்தது, அதனால் நின்றது.

நேரே மிக்ஸருக்குள்

அம்ப் இல்லாமல் வாசிப்பது புதுப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை. 1960களில் டெட்ரோயிட்டில் மோடவுன் கொம்பனியின் சின்ன ஸ்டூடியோவில் கிற்றார்களும் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிற்றாரும் நேரே மிக்ஸிங் மேசைக்குத்தான் போயின. இடம் சின்னது. ஆளுக்கொரு அம்ப் வைத்தால் எல்லாச் சத்தமும் எல்லா மைக்கிலும் விழும். உலகம் முழுக்க ஆடின அந்தப் பாட்டுகளின் பேஸ், அம்ப்புக்குள் போகாத சத்தம்.

இதற்குத் தேவைப்பட்டது டீ.ஐ. பெட்டி என்று சவுண்ட்ஸ்காரர் சொல்கிற சாமான். கிற்றாரிலிருந்து வரும் மின்சாரம் பலவீனமானது. நீள வயரில் போனால் கூர்மை தேய்ந்து, இரைச்சலும் சேரும். டீ.ஐ. பெட்டி அதை மைக் வயரில் போகக்கூடிய வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கும். எங்கட ஊர்க் கோவில் மேடையில் கீபோர்ட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிற சின்னத் தகரப் பெட்டி அதுதான்.

1968இல் பீட்டில்ஸின் "ரெவலூஷன்" பாட்டில் இன்னும் ஒரு படி போனார்கள். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக் கிற்றார்களை நேரே மேசைக்குக் கொடுத்து, ஒரு முன்பெருக்கியை இன்னொன்றுக்குள் விட்டு, தாங்க முடியாத அளவுக்கு ஏற்றினார். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் வரும் கொடூரமான கிற்றாருக்கு அம்ப் இல்லை. ஸ்பீக்கரும் இல்லை. ரொக் வரலாற்றின் மிக முரட்டுச் சத்தங்களில் ஒன்று எங்கட நண்பனின் கணக்கில் "கள்ளச் சத்தம்".

பெட்டி சிறுத்த கதை

ஆனால் நேரே மிக்ஸருக்குக் குத்துவதில் ஒரு பிரச்சினை உண்டு. அதை நானே பட்டு அறிந்தேன், பிறகு சொல்கிறேன். கிற்றார் அம்ப்பின் ஸ்பீக்கர் ஒரு நல்ல ஸ்பீக்கர் இல்லை. சுமார் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் அது கிட்டத்தட்ட ஊமை. மண்டப ஸ்பீக்கரோ மனிதக் காதின் எல்லை வரை எல்லாவற்றையும் காட்டும். கரகரத்த கிற்றாரை அந்த ஊமை ஸ்பீக்கர் வடிகட்டாமல் நேரே விட்டால் குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி இருக்கும். அதாவது அம்ப்பை மட்டும் நடித்தால் போதாது, ஸ்பீக்கரின் குறையையும் நடிக்க வேண்டும்.

இதை முதலில் கையடக்கமாகச் செய்தவர்களில் ஒருவர் பொஸ்டன் குழுவின் டொம் ஷோல்ஸ். எம்.ஐ.டி.யில் பொறியியல் படித்து, போலரோயிட் கொம்பனியில் வேலை செய்துகொண்டே வீட்டு நிலவறையில் பாட்டுப் பதிந்தவர். 1982இல் ரொக்மேன் என்ற பெட்டியை வெளியிட்டார். இடுப்புப் பட்டியில் கொளுவலாம், பட்டரியில் வேலை செய்யும், ஹெட்போனில் கேட்கலாம். படுக்கையறையில் வாசிக்கச் செய்த சாமான். ஆனால் 1987இல் வந்த டெஃப் லெப்பர்டின் "ஹிஸ்டீரியா" இசைத்தொகுப்பின் கிற்றார்களை அதில்தான் பதிந்தார்கள். 1989இல் நியூ யோர்க்கில் ஆண்ட்ரூ பார்ட்டா சான்ஸ்அம்ப் என்ற பெடலைக் கொண்டுவந்தார். பெயரின் அர்த்தமே "அம்ப் இல்லாமல்".

இவை எல்லாம் மின்சுற்றால் செய்தவை. 1990களில் கணிப்பு வந்தது. 1995இல் ரோலண்ட் வீ.ஜீ.-8ஐ வெளியிட்டது. 1998இல் லைன் 6 கொம்பனி, சிவப்பு அவரை விதை மாதிரி ஒரு பெட்டியை மேசைக்கு வைத்தது. பெயர் பொட். வால்வுக்குள், சுற்றுக்குள் என்ன நடக்கிறதோ அதைக் கணிதமாக எழுதி, ஒரு சிப்புக்குள் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை கணித்தார்கள். பல அம்ப்புகள் ஒரே பெட்டிக்குள். வீட்டில் பாட்டுப் பதிகிற ஒரு தலைமுறை அதில் வளர்ந்தது. கிற்றார்காரர் பலர் "பொம்மை" என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நியாயமும் இருந்தது. மெதுவாக வாசித்தாலும் அழுத்தி வாசித்தாலும் பதில் ஒரே மாதிரி இருந்தது என்று குறை சொன்னார்கள்.

2006இல் ஃபிராக்டல் ஓடியோவின் அக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தபிறகு சிரிப்புக் குறைந்தது. 2011இல் ஜேர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர் வேறு வழியில் போனார். சுற்றை எழுதுவதற்குப் பதிலாக, உண்மையான அம்ப்புக்குள் சோதனைச் சத்தங்களை அனுப்பி, மைக்கில் திரும்பி வருவதை ஒப்பிட்டு, அந்த அம்ப்பின் குணத்தைப் படியெடுக்கிற பெட்டியைச் செய்தார். 2015இல் லைன் 6இன் ஹீலிக்ஸ், 2018இல் அதன் சின்னத் தம்பி எச்.எக்ஸ். ஸ்டொம்ப். அதன் எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 2021இல் ஃபின்லாந்தின் நியூரல் டீ.எஸ்.பி. கொம்பனி குவாட் கோர்டெக்ஸில் செயற்கை நரம்பு வலைகளால் அம்ப்பைக் கற்கச் செய்தது. அதே நரம்பு வலை முறையில் ஸ்டீவன் அட்கின்சன் உருவாக்கிய "நியூரல் அம்ப் மொடலர்" இலவச, திறந்த மூல மென்பொருள். ஒரு சாதாரண லப்டொப்பில் ஓடும். எங்கள் மாதிரி ஆட்களுக்கு இந்த வரலாற்றின் மிகப் பெரிய செய்தி அதுதான்.

ஸ்பீக்கரை எப்படிப் படியெடுக்கிறார்கள்? கோவில் மண்டபத்தில் வெறுமையாக இருக்கிற நேரம் ஒருக்காக் கை தட்டிப் பாருங்கள். அந்த ஒரு தட்டலுக்குத் திரும்பி வருகிற எதிரொலிக்குள் முழு மண்டபமும் இருக்கிறது: சுவர், தூண், கூரையின் உயரம். அதே மாதிரி ஸ்பீக்கரினதும் மைக்கினதும் "பதிலை" ஒரு சின்னக் கோப்பாகப் பதிகிறார்கள். ஐ.ஆர். என்று சொல்வது அதைத்தான். நீளம் பெரும்பாலும் ஒரு செக்கனின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. 36 கிலோ பெட்டியிலிருந்து கூட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டிய குணம் அவ்வளவுக்குள் அடங்கிவிட்டது.

2013 டிசம்பர் 8, மெட்டாலிக்கா குழு அந்தாட்டிக்காவில் ஆர்ஜென்டினாவின் கார்லினி தளத்தில் வாசித்தது. சுற்றுச்சூழலைக் குழப்பக்கூடாது என்பதால் வெளியே சத்தம் போடும் ஒலிபெருக்கி இல்லை. சுமார் 120 பேர் ஹெட்போன் போட்டுக்கொண்டு கேட்டார்கள். உலகத்தின் மிகச் சத்தமான குழுக்களில் ஒன்று, மேடையில் சத்தமில்லாமல். அதற்குப் பிறகு அவர்கள் சுற்றுப்பயணங்களிலும் மொடலர்களைப் பாவித்தார்கள்.

எங்கட மேடை

நாங்கள் கடைசியில் ஒரு சின்ன மொடலரை இரவல் வாங்கினோம். முதல் நாள் பயிற்சியில் நான் ஸ்பீக்கர் பகுதியை நிற்பாட்டி வைத்திருந்தது தெரியாமல் மிக்ஸருக்குக் கொடுத்தேன். குளவிக் கூடு. லீட்காரன் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பு மட்டும். அதைப் போட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

இரண்டாவது பாடம் மேடையில். அறையில் மெதுவாக வைத்துச் செய்த சத்தம் மண்டபத்தில் இடிமாதிரி முழங்கியது. இதற்கும் காரணம் இருக்கிறது. மெதுவாகக் கேட்கும்போது காதுக்கு அடிச்சுருதி குறைவாகப் படும். 1933இலேயே ஃப்ளெட்ச்சர், மன்சன் என்ற இருவர் அதை அளந்து காட்டினார்கள். அறையில் நாங்கள் குறையென்று நினைத்து ஏற்றிய பேஸ், சத்தம் கூடின மண்டபத்தில் வெள்ளமாக வரும். ஆகவே மேடைக்கான சத்தத்தை மேடைச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும். வசதியில்லாவிட்டால், பேஸை நினைப்பதைவிடக் குறைத்து வையுங்கள்.

மூன்றாவது: உங்கள் சத்தம் இப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் இல்லை. சவுண்ட்ஸ் அண்ணை மொனிட்டரில் விட்டால்தான் உங்களுக்கே கேட்கும். ஆகவே அவரோடு முதலே கதையுங்கள், பெயர் கேளுங்கள், தேத்தண்ணி வாங்கிக் கொடுங்கள். இதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

"கணிக்கிறதில தாமதம் வரும்" என்ற பயமும் சிலருக்கு உண்டு. சத்தம் காற்றில் ஒரு மீற்றர் போக மூன்று மில்லிசெக்கன் எடுக்கும். மொடலரின் தாமதமும் பொதுவாக அந்த அளவில்தான். அம்ப்பிலிருந்து ஒரு மீற்றர் அளவு தள்ளி நின்று வாசிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்காகச் செய்த அம்ப்புக்கு 120 வோல்ட், எங்களுக்கு 230. இடையில் இன்னொரு பாரமான ட்ரான்ஸ்ஃபோர்மர். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற நாடு இது. அதே வருடம் ரஷ்யாவின் போரோடு அம்ப் வால்வுகளின் விலையும் ஏறியது. உலகத்துக்கு வால்வ் செய்கிற தொழிற்சாலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று ஒரு கைக்குள் அடங்கும். "அசல் சத்தம்" என்ற சொல்லுக்குப் பின்னால் இவ்வளவு சங்கிலி இருக்கிறது. அது யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை அந்தச் சங்கிலிதான் தீர்மானிக்கிறது.

எங்கள் பெற்றோர் தலைமுறைக்குக் கிற்றார் என்றால் ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்துப் பொப்பிசையும் பைலாவும். அந்தப் பாட்டுகள் கூடத்திலும் கலியாண வீட்டிலும் அம்ப் இல்லாமலும் உயிரோடு இருந்தன. அவற்றைப் பாடும்போது "சத்தம் அசலா?" என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது.

நண்பன் சொன்னதில் இருக்கிற நியாயம்

இவ்வளவையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அவன் சொன்ன இரண்டு விசயத்துக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

ஒன்று: "அம்ப்புக்கு முன்னால நிக்கேக்க காத்து வந்து காலில அடிக்கும். கம்பி தானா அழத் தொடங்கும். உன்ர பெட்டியில அது இல்ல." உண்மை. ஸ்பீக்கரின் சத்தம் திரும்பிக் கம்பியை அதிரவைத்து, சுருதி தானாக நீண்டு எழும். ஹென்ட்ரிக்ஸ் அதை வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். காதுக்குள் போட்டுக் கேட்கிற மேடையில் அந்த உறவு அறுந்துவிடுகிறது.

மற்றது என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. "நீ சொன்ன கதை எல்லாத்திலயும் சத்தத்தைக் கண்டுபிடிச்சது எதையோ உடைச்சவன். இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறதெல்லாம் மற்றவன் உடைச்சது. நாங்கள் எதை உடைச்சனாங்கள்?"

யோசித்துப் பாருங்கள். இருபத்தோராம் நூற்றாண்டின் கணிப்புச் சக்தி முழுவதையும் போட்டு, 1960களில் ஹான்வெலிலும் ஃபுலர்ட்டனிலும் செய்த நாற்பது, ஐம்பது பெட்டிகளைத் திரும்பத் திரும்பப் படியெடுக்கிறோம். மெனுவைத் திறந்தால் அந்தப் பெயர்களின் சாயல்தான். மார்ஷல் ஃபெண்டரைக் கொப்பியடித்தார். ஆனால் சாமான் போதாமல் கொப்பி பிழைத்தது, பிழைத்ததால் புதிதானது. மொடலரின் பெருமையே கொப்பி பிழைக்காது என்பதுதான்.

என் பதில் இவ்வளவுதான்: பெட்டியைக் குறை சொல்லத் தேவையில்லை, ஆனால் மெனுவுக்குள் சிறைப்படவும் தேவையில்லை. படியெடுக்கிற மென்பொருள் இலவசமாக இருக்கிறது என்றால், நாங்கள் எதைப் படியெடுக்கிறோம் என்பது எங்கள் முடிவு. அம்மப்பாவின் ரேடியோவை எடுத்துத் தூசி தட்டி, ஒரு ரேடியோத் திருத்துநரிடம் கொண்டுபோயிருக்கிறோம். மின்சாரம் கொடுக்க முதல் உள்ளுக்குள் பழைய கப்பாசிட்டர்களை மாற்ற வேண்டும், நீங்கள் தொடாதேங்கோ, ஷொக் அடிக்கும் என்று சொல்லியிருக்கிறார். அது திருந்தி வந்தால், கிற்றாரை அதற்குள்ளால் விட்டு, அந்தச் சத்தத்தைப் படியெடுத்து, பெட்டிக்குள் போடுவதாக யோசனை. கேவலமாகவும் வரலாம்.

போன மாதம் இன்னொரு நிகழ்ச்சிக்குப் போனோம். மொடலர் என் மடியில், துவாயால் சுற்றி. லீட்காரன் ஜன்னல் பக்கம் கிற்றாரோடு. கொண்டக்டர் ரிக்கட் கிழித்துத் தந்துவிட்டு அடுத்த சீற்றுக்குப் போனார். பாட்டுக்காரப் பிள்ளையின் குரல் அன்றைக்குக் கடைசி வரிசை வரை கேட்டது. திரும்பி வரும்போது இவன் கேட்டான்: "ரேடியோக்காரர் எடுத்தவரோ?"

இன்னும் எடுக்கவில்லை.